வெறுங்கைக்காரி காளியாயி

காளியாயி மறுபடியும் விழுந்தாள். கனகாம்பிகை டீச்சர் கைப்பையைத் திறந்து எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் விடைத்தாள்களை வெளியே எடுத்தார். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"டீச்சர், காளியாயி சாகல. மயங்கித்தான் கெடக்காங்க," என்றாள் டோரீன்.

"ஓம், விளங்குது. நீங்கள் விளையாடுங்கோ. நான் அதுக்கிடையில இதைத் திருத்தி முடிச்சிடுறன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட டோரீனுக்குப் பரவாயில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் அவளை உறுத்தியது. மேசையின் எதிர்ப்பக்கத்தில் சுகந்தன் தன்னுடைய வாள்வீரனின் நெருப்பு வாளால் கடைசிக் குள்ளப் பேயையும் சாய்த்துவிட்டு, "சேர், பாத்தீங்களா? ஒரே வெட்டு!" என்று குதித்துக்கொண்டிருந்தான். துரைராசா சேர் அந்த வெட்டில் பேய்க்கு எத்தனை புள்ளி போனது என்று கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி விடைத்தாள் திருத்தத் தொடங்கியதை அவர் கவனிக்கவேயில்லை.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஆனி மாத மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம். நோர்வூட்டில் டோரீன் ஆங்கிலம் படிப்பித்த பாடசாலைக்குப் பின்னால் ஆசிரியர் விடுதி இருந்தது. அதில் அவளுக்கு ஒரு முன்னறையும் ஒரு படுக்கையறையும் கிடைத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசையும் பகல் சாப்பாடும் முடிந்தபின் அந்த முன்னறையில் நாலு பேர் கூடுவார்கள். வெளியே மழை எவ்வளவு பெய்தாலும் சரி.

அந்த விளையாட்டு அவளிடம் வந்ததே ஒரு தற்செயல். ஹட்டனில் சில காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை டோரீனிடம் விட்டுப்போனாள். அதில் ஒன்றுக்கு அட்டையே இல்லை. கதைப்புத்தகமும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. வீரர்கள், மந்திரவாதிகள், பூதங்கள் என்று படங்கள். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணைகள். கூடவே ஒரு துணிப்பையில் கண்ணாடிபோல மின்னும் கட்டைகள், தாயக்கட்டைக்குத் தம்பிமார் மாதிரி. ஒன்றுக்கு நாலு பக்கம், ஒன்றுக்கு எட்டு, பெரியதற்கு இருபது. டோரீன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன மழைக்காலம் முழுக்க வாசித்தாள். வாசிக்க வாசிக்கத்தான் புரிந்தது, இது பலகை இல்லாத ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நுழைந்து, நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்பார்கள். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதைக் கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள்.

அவளுடைய சின்னம்மாவின் மகன் சுகந்தன் ஹட்டனில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை செய்தான். கேட்ட உடனேயே, "நான் வாள்காரன்," என்றான். துரைராசா சேர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுக்குப் பிறகும் நோர்வூட்டிலேயே தங்கி டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தார். அட்டவணைகளைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்தது. மந்திரவாதியை எடுத்துக்கொண்டார். கனகாம்பிகை டீச்சர் அவருடைய மனைவி, டோரீனின் பாடசாலையிலேயே மனைப்பொருளியல் படிப்பிப்பவர். கணவர் ஞாயிறு முழுக்க இங்கேயே கிடக்கிறாரே, அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தவர் அவர். வந்தவரையும் டோரீன் உட்கார வைத்துவிட்டாள்.

ஆளைத் தெரிவு செய்யும்போது டீச்சர் புத்தகத்தை மெதுவாகப் புரட்டிக்கொண்டு போய் ஒரு படத்தில் நின்றார். வெறுங்காலோடு, வெறுங்கையோடு, காற்றில் பாய்ந்துகொண்டிருந்த ஒரு பெண். கவசம் இல்லை, ஆயுதம் இல்லை, முதுகில் மூட்டைகூட இல்லை.

"இவளுக்குச் சாமான் ஒண்டும் வாங்கத் தேவையில்லையோ?"

"இல்லீங்க டீச்சர். கையாலயும் காலாலயும்தான் சண்டை போடுவாங்க."

"அப்ப இவள்தான் எனக்கு."

பெயருக்கு மட்டும் டீச்சர் தடுமாறினார். சுகந்தன்தான் சொன்னான். "காளியாயின்னு வையுங்க டீச்சர். எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல ஒருத்தங்க இருக்காங்க. மரக்கறித் தோட்டத்துல பன்னி பூந்துச்சுன்னா வெறுங்கையோடதான் வெரட்டுவாங்க."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். காளியாயி பிறந்தாள். அவளைப்போல ஆட்களுக்குப் புத்தகத்தில் ஏதோ ஒரு நீளமான பெயர் இருந்தது. இவர்கள் வெறுங்கைக்காரி என்றே சொல்லிக்கொண்டார்கள்.

முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கதை வளர வளர மற்ற இருவருக்கும் கையில் பொருள் சேர்ந்தது. சுகந்தனுக்கு ஒரு குகையில் நெருப்பு வாள் கிடைத்தது. நல்ல கவசமும் கேடயமும் கிடைத்தன. சேரின் மந்திரவாதிக்குக் கோலும், புதுப்புது மந்திரங்களும். காளியாயி கவசம் போடக்கூடாது, வாள் பிடிக்கக்கூடாது. எல்லாப் பெட்டியிலும் எல்லாருக்கும் ஏதாவது இருந்தது, அவளுக்கு மட்டும் இல்லை. எதிரிகளோ வாரத்துக்கு வாரம் பலத்துக்கொண்டே போனார்கள். அவள் பக்கத்தில் போய்க் குத்தினால் பேய்க்குத் தோல்கூடக் கிழியாது. பேய் திருப்பி ஒன்று போட்டால் காளியாயி தரையில். அப்புறம் டீச்சருக்கு மிச்சப் பின்னேரம் முழுக்க வேலையில்லை. அதனால்தான் விடைத்தாள்.

அன்று எல்லாரும் போனபின் டோரீன் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். பிழை டீச்சருடையது இல்லை. கதை சொல்கிறவள் நான், நான்தான் ஏதாவது செய்யவேண்டும்.

அடுத்த ஞாயிறு குகையின் உள்ளறையில் ஒரு கல் பெட்டி இருந்தது. அதற்குள் இரும்புக் கையுறை ஒரு சோடி. டோரீன் ஒரு வாரமாக நினைத்து வைத்திருந்த பொருள். போட்டுக்கொண்டு குத்தினால் பாறையும் பிளக்கும்.

"காளியாயி கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு டீச்சர்," என்றாள், முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

டீச்சர் தலையை ஆட்டி மறுத்தார். "அவள் அதைப் பாத்திட்டு மூடி வைக்கிறாள்."

"என்னது?" துரைராசா சேர் நிமிர்ந்தார். "இஞ்சாரும், சும்மா கிடைக்கிறதை விட்டிட்டுப் போறதே? எடும்."

"எனக்கு வேண்டாம். இதைப் போட்டா அவளும் சுகந்தன்ர ஆளைப்போலத்தானே? வெறுங்கையெண்டுதானே நான் அவளை எடுத்தனான்."

சேர் தலையில் கைவைத்தார். சுகந்தன் கையுறையைத் தன் மூட்டையில் போட்டுக்கொண்டான். அன்றும் கடைசிச் சண்டையில் காளியாயி விழுந்தாள்.

பொருள் வேண்டாமென்றால் பலத்தைக் கூட்டிவிடலாம் என்று டோரீன் முடிவு செய்தாள். அதற்கடுத்த ஞாயிறு புத்தகத்தை ஓரத்தில் வைத்துவிட்டு, காளியாயியின் ஒவ்வொரு அடியும் இனிமேல் இரண்டு மடங்கு என்று அறிவித்தாள். அடிகளின் எண்ணிக்கையும் இரண்டு மடங்கு. நாலு மடங்காகிறதே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கென்று அவள் ஒரு பூதராசனைத் தயார்பண்ணி வைத்திருந்தாள். மலையைப்போல உடம்பு, மூன்று தலை, ஒவ்வொரு தலைக்கும் தனிக்குரல். மூன்று குரலிலும் பேசிப் பார்த்துப் பழகியிருந்தாள். பின்னேரம் முழுக்க இந்த ஒரு சண்டை ஓடும் என்று கணக்கு. பூதராசன் எழுந்து நின்று முதல் தலையால் பேச வாயெடுத்தான். டீச்சர் கட்டையை உருட்டினார். பிறகு இன்னும் சில தடவை உருட்டினார். கூட்டிப் பார்த்தால் பூதராசன் செத்துக் கிடந்தான்.



"அக்கா, நான் கத்தியவே உருவலயே," என்றான் சுகந்தன் பாவமாக.

"இது என்ன நியாயம்?" துரைராசா சேருக்குக் கோபம் வந்துவிட்டது. "புத்தகத்தில ஒண்டு கிடக்கு, நீர் ஒண்டு சொல்லுறீர். நினைச்ச நினைச்ச மாதிரி மாத்திறதெண்டா பிறகு ஏன் கட்டை, ஏன் அட்டவணை? வாயால சொல்லி முடிச்சிடலாம்தானே."

"சேர், டீச்சருக்காகத்தான்..."

"எனக்காக ஒண்டும் செய்யவேண்டாம்," என்றார் கனகாம்பிகை டீச்சர் மெதுவாக. அவர் முகம் சிவந்திருந்தது. "எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டியள். எனக்கே வெக்கமாக் கிடந்தது. அடுத்த ஞாயிறு நான் வரேல்ல, டோரீன். வீட்டில வேலையும் கிடக்கு."

டோரீன் அன்றிரவு புத்தகத்தைத் திறக்கவேயில்லை. வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கத்திக் கத்தித் தொண்டை வற்றினாலும், ஞாயிறு பின்னேரம் வருகிறது என்ற நினைப்பே அவளுக்கு ஒரு தெம்பாக இருந்தது. அதைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று வருத்தப்பட்டாள்.

சனிக்கிழமை ஹட்டனில் ஆசிரியர் கருத்தரங்கு. நோர்வூட்டில் இருந்து டோரீனும் கனகாம்பிகை டீச்சரும் ஒரே பஸ்ஸில்தான் போகவேண்டியிருந்தது. பொகவந்தலாவையில் இருந்து வந்த பஸ் ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. சம்பள வாரம். கூடை, சாக்கு, குழந்தை, கோழிக்கூண்டு எல்லாம் உள்ளே. இருவரும் பின்பக்கத்தில் தொங்கினாற்போல நின்றார்கள். பேசவும் முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், என்ன பேசுவதென்று டோரீனுக்கும் தெரியவில்லை.

ஹட்டனில் பின்கதவை ஒரு பெரிய உரமூட்டை அடைத்துக்கொண்டிருந்தது. முன்கதவால்தான் இறங்கவேண்டும். கொண்டக்டர் அதட்டிக்கொண்டிருந்தான். டோரீன் இரண்டு பேரை விலக்கப் பார்த்தாள். ஒரு அங்குலம் நகர முடியவில்லை. அப்போது அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"என்னோட வாரும்," என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு நடந்ததை டோரீன் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். டீச்சர் யாரையும் தள்ளவில்லை. ஒருவர் தோளைத் தொட்டார், அவர் திரும்பினார், திரும்பிய இடைவெளியில் டீச்சர் போய்விட்டார். "தம்பி, கொஞ்சம்." இன்னொருவர் முழங்கையில் விரலை வைத்தார். "மாத்தயா, பொட்டக்," அவரிடம் சிங்களத்தில். சாக்கோடு நின்றவரின் சாக்கை ஒரு பக்கம் சாய்த்தார், சாக்கோடு சேர்ந்து அவரும் சாய்ந்தார். பஸ் ஆடியபோது எல்லாரும் ஒரு பக்கம் சரிந்தார்கள், டீச்சர் அந்தச் சரிவிலேயே இரண்டு அடி முன்னால் போயிருந்தார். அவருக்குப் பின்னால் டோரீன் ஊசியில் கோத்த நூல்போல இழுபட்டுப் போனாள். மூச்சுவிடுவதற்குள் இருவரும் பஸ் நிலையத்தில் நின்றார்கள். டீச்சரின் சேலை மடிப்புக்கூடக் கலையவில்லை.

டோரீன் அங்கேயே நின்று சிரித்தாள். டீச்சர் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தார்.

"என்ன, ஏன் சிரிக்கிறீர்?"

"ஒண்ணுமில்ல டீச்சர். வாங்க, டீ குடிச்சிட்டுப் போவோம். இன்னும் நேரம் இருக்கு."

கடையில் மூலை மேசை கிடைத்தது. ஆவி பறக்கும் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே டோரீன் கேட்டாள். "டீச்சர், ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. கையுறை குடுத்தேன், வேணாம்னுட்டீங்க. பலம் குடுத்தேன், அதுவும் பிடிக்கல. அப்ப காளியாயி என்னாதான் செய்யணும்னு நெனைக்கிறீங்க?"

இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. டீச்சர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஆரையும் கொல்லவேணுமெண்டு ஆசையில்லை. அதுக்குச் சுகந்தன் இருக்கிறான்தானே. அவளை ஒருத்தரும் மறிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

"மறிக்கக்கூடாதுன்னா?"

"தொண்ணூற்றைஞ்சுச் சண்டையில யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிடேக்க நான் இரண்டு பெட்டியும் தையல் மெசினும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனான். மெசினைச் சாவகச்சேரியில விட்டன். ஒரு பெட்டியைக் கிளிநொச்சியில விட்டன். வவுனியாவுக்கு வந்து சேரேக்க ஒரு பையும் இவற்ர மூக்குக்கண்ணாடியும்தான் மிச்சம். போற இடமெல்லாம் மறிப்பு. திறந்து காட்டு, கட்டு, திரும்பத் திற." அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "அந்தப் படத்தைப் பாத்தவுடன நினைச்சன், இவளிட்டத் திறந்து காட்ட ஒண்டுமில்லை, இவளை ஆர் மறிக்கப்போறான் எண்டு. பாத்தா, குகைக்குள்ள கிடக்கிற பேய் பிசாசெல்லாம் இவளைத்தான் மறிக்குது!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டோரீனுக்கும் சிரிப்பு வந்தது. அவளும் கொழும்புக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடிதோறும் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி அலுத்தவள்தான்.

"கூட இருக்கவங்கள? அவங்களையும் இழுத்துக்கிட்டுப் போகணுமா?"

"பின்னை? தனியப் போய் என்ன செய்யிறது?"

கருத்தரங்கில் பேசியவர் என்ன சொன்னார் என்று டோரீனுக்கு இன்றுவரை தெரியாது. கொடுத்த தாளின் பின்பக்கம் முழுக்க அவள் காளியாயிக்குப் புது விதிகள் எழுதினாள். புத்தகத்தின்படி, எதிரிக்குப் பக்கத்தில் இருந்து விலகிப் போகிறவரை எதிரி ஒருமுறை சும்மா அடிக்கலாம். காளியாயியை அப்படி அடிக்க முடியாது. புத்தகத்தின்படி, ஓடினால் ஒரு அடிதான் அடிக்கலாம். காளியாயி ஓடிக்கொண்டே வழியில் நிற்பவர்களையெல்லாம் தொடலாம். தொட்டால் காயப்படுத்தத் தேவையில்லை. சாய்க்கலாம், திருப்பலாம், இடம் மாற்றலாம். எதிரி எவ்வளவு பெரியவன் என்பது கணக்கில்லை, அவன் பாரமே அவனைச் சாய்த்துவிடும். போகும்போது ஒருவரைக் கையோடு இழுத்துக்கொண்டும் போகலாம். இரட்டிப்பு அடியை ஒரே கோடாக வெட்டினாள்.

இந்த முறை அவள் யாருக்கும் அறிவிக்கவில்லை. மறுநாள் ஞாயிறு விளையாட்டு நடக்கவில்லை. தாளையும் புத்தகத்தையும் கட்டைப் பையையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் நேரே துரைராசா சேரின் வீட்டுக்குப் போனாள். பிரதான வீதியில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வீடு.

"சேர், போன தடவ கணக்குப் பாக்காம செஞ்சது என் பிழைதான். இத நீங்க பாத்துக் குடுத்தா செய்வோம். வேணாம்னா, புத்தகத்துல இருக்கபடியே வெளையாடுவோம்."

சேர் கண்ணாடியை மூக்கில் ஏற்றித் தாளை வாங்கினார். "புத்தகம் எழுதினவனுக்குத் தெரியாததே உமக்குத் தெரியும்," என்று முணுமுணுத்தார். ஆனால் கட்டைப் பையையும் புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

புதன்கிழமை அவரே டோரீனைக் கூப்பிட்டனுப்பினார். சாப்பாட்டு மேசை முழுக்கக் கடதாசிகள். முதலில் புத்தக விதிப்படியே காளியாயியைச் சண்டைக்கு விட்டு உருட்டிப் பார்த்திருக்கிறார், பிறகு டோரீனின் விதிப்படி. அவர் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது.

"இஞ்ச பாரும். இவளுக்குப் புத்தகத்தில ஒரு திறமை, வேகமா ஓடுறது. இன்னொரு திறமை, பல தரம் அடிக்கிறது. ஆனா பல தரம் அடிக்கவேணுமெண்டா ஓரிடத்தில நிக்கவேணும். ஓடினாப் பல தரம் அடிக்கேலாது, பல தரம் அடிச்சா ஓடேலாது. ஒண்டை ஒண்டு வெட்டுது! இதை எழுதினவன் ஒரு நாளும் இவளை வைச்சு விளையாடிப் பாக்கேல்ல."

"அப்ப நான் மாத்துனது சரிதானே சேர்?"

"அவசரப்படாதையும். உம்மட விதியிலயும் ஓட்டை இருக்கு. தொடுறதுக்கு நீர் எல்லை வைக்கேல்ல. பத்துப் பேர் நிண்டாலும் பத்துப் பேரையும் ஒரே ஓட்டத்தில சாய்ச்சுப்போட்டுப் போயிடுவாள். திரும்பவும் பூதராசன்ர கதைதான். சுகந்தன் அழுவான்."

டோரீன் உதட்டைக் கடித்தாள். அது அவளுக்குத் தோன்றவில்லை.

"அதால நான் ஒண்டு யோசிச்சனான். மூச்சு. இவளுக்கு மூண்டு மூச்சு. ஒருத்தரைச் சாய்க்க ஒரு மூச்சு, ஒருத்தரை இழுத்துக்கொண்டு போக ஒரு மூச்சு. முடிஞ்சுதெண்டா ஒரு முறை ஒண்டும் செய்யாமல் சும்மா நிக்கவேணும். நிண்டா மூண்டும் திரும்பி வரும்."

குசினிக்குள் இருந்து குரல் வந்தது. "என்னைக் கேக்காமல் என்ர ஆளை வெட்டுறியளோ?"

"வெட்டேல்லையப்பா, அளவாக்கிறம்," என்றார் சேர்.

கனகாம்பிகை டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கடதாசியை எடுத்து, விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஓடிக்கொண்டே தொடலாம் என்ற இடத்தில் டோரீனைப் பார்த்தார். பஸ் ஞாபகம் வந்துவிட்டது போலும், உதட்டோரத்தில் சிரிப்பு ஒன்று வந்தது. கடைசி விதிக்கு வந்ததும், "சும்மா நிக்கேக்க அவளை ஆரும் அடிச்சா?" என்று கேட்டார்.

"மத்த ஆக்கள்தான் பாக்கவேணும்," என்றார் சேர்.

டீச்சர் தலையை ஆட்டினார். "அது சரி. அப்பிடியெண்டா நான் ஞாயிறு வாறன்."

அந்த ஞாயிறு டோரீன் ஒரு கோட்டையைச் சொன்னாள். ஆழமான ஆற்றுக்கு மேல் ஒடுங்கிய பாலம். பாலம் நெடுக இரண்டு பக்கமும் கல்வீரர்கள். யாராவது கால் வைத்தால் உயிர் வந்து வழியை அடைப்பார்கள். கல்லுக்கு வாள் அவ்வளவாக ஏறாது. பாலத்தின் மறுகரையில் வாசல். வாசலின் தாழ்ப்பாள் உட்பக்கம், சுவரேறிப் போனால்தான் எட்டும்.

சுகந்தன் வழக்கம்போல வாளை உருவிக்கொண்டு முதலில் போனான். முதல் கல்வீரனை அடித்துச் சில்லுச்சில்லாக்கினான். இரண்டாவது கல்வீரன் அவன் காலை உடைத்தான். பாலத்தின் நடுவில் வாள்வீரன் விழுந்து கிடக்க, கல்வீரர்கள் நெருங்கி வந்தார்கள்.

"டீச்சர், காளியாயி?" என்றாள் டோரீன்.

கனகாம்பிகை டீச்சர் கட்டையைக் கையில் எடுத்தார். கைப்பை அன்று மேசைக்குக் கீழே கிடந்தது, திறக்கப்படவேயில்லை.

"ஓடுறாள்," என்றார். "முன்னுக்கு நிக்கிறவன்ர தோளைத் தொடுறாள்."

கட்டை உருண்டது. கல்வீரன் தன் பாரத்தாலேயே சுழன்று கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஆற்றில் விழுந்தான். "ஆஹா!" என்றான் சுகந்தன், தான் காலொடிந்து கிடப்பதை மறந்து. அடுத்தவனும் சாய்ந்தான். மூன்றாவது மூச்சில் அவள் வாள்வீரனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இன்னும் சில அடி முன்னேறினாள். அத்தோடு மூச்சு முடிந்தது. வாசலுக்கு இன்னும் தூரம் இருந்தது. முன்னால் இரண்டு கல்வீரர்கள், பின்னால் ஒருவன். காளியாயி பாலத்தின் நடுவில் சும்மா நிற்கவேண்டும்.

டீச்சர் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். "நிக்கிறாள்," என்றார்.

இப்போதுதான் சண்டையே தொடங்கியது. சுகந்தன் ஒற்றை முழங்காலில் எழுந்து அவளுக்கு முன்னால் கேடயத்தைப் பிடித்தான். "டீச்சர் மேல ஒரு தூசி விழாது, வாடா!" என்று கல்வீரனிடம் கத்தினான். கேடயம் இரண்டாகப் பிளந்தது, ஆனால் அவன் நகரவில்லை. சேர் கரையில் நின்று தன் கடைசி மந்திரத்தை எடுத்தார். அதை அவர் எத்தனையோ வாரமாகச் சேமித்து வைத்திருந்தார், யார் கேட்டும் செலவழிக்கவில்லை.

"பனிப் புகார்," என்றார். "பாலம் முழுக்க மூடுறன். ஒருத்தனுக்கும் அவளைத் தெரியக்கூடாது."

டோரீன் கல்வீரர்களுக்காகக் கட்டையை உருட்டினாள். பின்னால் நின்றவன் புகாருக்குள் கையை வீசினான். ஒன்றிலும் படவில்லை. சேர் மேசையில் ஓங்கித் தட்டினார், கோப்பைகள் குலுங்கின.

"எனக்கு மூச்சு வந்திட்டுது," என்றார் டீச்சர்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். தான் எழுந்ததே அவருக்குத் தெரியாது. ஒருவனைத் தொட்டார், அவன் சாய்ந்தான். மற்றவனுக்கு உருட்டியபோது கட்டை ஏமாற்றியது. வெறும் இரண்டுதான் விழுந்தது.  டீச்சர் கலங்கவில்லை. "அவனை விட்டிட்டு, பக்கத்தால போறாள். அவளை மறிக்கேலாதுதானே?"

"முடியாது டீச்சர்," என்றாள் டோரீன். "யாராலயும் முடியாது."

காளியாயி கடைசி மூச்சில் சுகந்தனை இழுத்துக்கொண்டு மறுகரை சேர்ந்தாள். சுவரில் ஏறினாள். தாழ்ப்பாளை விலக்கினாள். வாசல் திறந்ததும் கல்வீரர்கள் நின்ற இடத்திலேயே மறுபடியும் வெறும் கல்லாகிப் போனார்கள். மந்திரவாதி புகாருக்குள் இருந்து தும்மிக்கொண்டே நடந்து வந்தார். தும்மலைச் சேரே செய்துகாட்டினார்.

சுகந்தன் கத்திய கத்தலில் பக்கத்து விடுதி நல்லமுத்து மாஸ்டர் யன்னலால் எட்டிப் பார்த்து, "என்னாங்க, கிரிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஒருத்தரையும் கொல்லேல்ல," என்றார் டீச்சர், உட்கார்ந்தபடி. மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு. "தள்ளித்தான் விட்டவள்."

"கணக்குச் சரியா வந்திட்டுது," என்றார் சேர். "மூண்டு மூச்சு. இரண்டெண்டாக் காணாது, நாலெண்டாக் கூடிப்போயிருக்கும்." அவருக்கு அதில்தான் சந்தோஷம்.

"சரி, வாசலுக்கு அங்கால என்ன இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

டோரீனுக்குத் திக்கென்றது. அவர்கள் இன்றைக்கே பாலத்தைத் தாண்டுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. வாசலுக்கு அப்பால் ஒன்றையுமே அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. யன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. கடைவீதியில் ஒவ்வொரு லைட்டாக எரியத் தொடங்கியிருந்தது.

"ஒரு டவுன் இருக்கு டீச்சர்," என்றாள். "சின்ன டவுன். சந்தை நாள். எல்லாரும் சாமான் வாங்கிக்கிட்டு இருக்காங்க. ஒங்கள யாரும் ஒண்ணும் கேக்கல."

"அங்க தேத்தண்ணிக் கடை ஏதும்?"

"இருக்கு."

"அப்ப காளியாயி அங்க போய்க் காலை நீட்டி இருக்கிறாள். அவளுக்குச் சீனியில்லாமல் ஒண்டு."

"எனக்கு ரொட்டியும் சம்பலும்க்கா," என்றான் சுகந்தன். "கால் ஒடஞ்சாலும் பசிக்குமில்ல?"

மிச்சப் பின்னேரத்தில் யாரும் கட்டையைத் தொடவில்லை. துரைராசா சேரின் மந்திரவாதி கடைக்காரனிடம் தலைநகருக்கு வழி கேட்டார். டோரீன் கடைக்காரனாகிக் கரகரத்த குரலில் வழி சொன்னாள். அந்த வழி சுற்றுவழி என்று சேர் சொன்னார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு வழி சொல்லித் தர வந்துவிட்டீரோ என்று கடைக்காரன் எகிறினான். சேர் கடதாசியில் கோடு போட்டுக் காட்டினார். கடைக்காரன் கடதாசியைப் பார்க்கவே மறுத்தான். சுகந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

காளியாயி கடையின் மர வாங்கில் சாய்ந்து, வெறுங்கால்களை நீட்டி, தேத்தண்ணி ஆறும்வரை அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.